முடியாது என்ற சொல்

சென்ற பங்குனி மாதத்தில் என் அக்கா என்னிடம் "முடியாது" என்று சொன்னாள்.

எனக்கு நினைவு தெரிந்து அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படி ஏதாவது நேர்ந்தால் எங்கள் வீட்டில் யாரும் யோசிப்பதே இல்லை. லால்குடிக்குச் செய்தி போகும்; அடுத்த பஸ்ஸில் அக்கா திருச்சியில் வந்து இறங்குவாள். இரண்டு பிரசவங்கள், அப்பாவின் கடைசி நாட்கள், பையனுக்கு வந்த டைபாய்டு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வந்தாள். அந்த நம்பிக்கையில்தான் இந்தத் தடவையும் டெலிபோனில் கூப்பிட்டேன்.

"முடியாதுடா தம்பி. சனி, ஞாயிறு வரேன். மத்த நாளிலே முடியாது."

"ஏன்க்கா, உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முடியாது, அவ்வளவுதான்."

டெலிபோனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று அதைச் சொல்ல முடியாது. இருட்டில் பழக்கப்பட்ட படியில் காலை வைக்கப் போய், அங்கே படி இல்லாமல் போனால் ஒரு திடுக்கிடல் வருமே, அதுதான் வந்தது. "காலம் போகப் போக மனிதர்கள் சுருங்கிவிடுகிறார்கள்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் சொல்லவில்லை.

மாலையில் உய்யகொண்டான் கால்வாய்க் கரையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடப்பது வழக்கம். ஒருவர் ஓய்வு பெற்ற உயிரியல் பேராசிரியர். இன்னொருவர் எங்கள் தெருவிலேயே வயதில் மூத்த பெரியவர். அன்று நடக்கும்போது, யாரைப் பற்றி என்று சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்: "காலமெல்லாம் திறந்த வாசலாக இருந்த ஒருவர் திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டால் அதற்கு என்ன பெயர் சார்?"

பேராசிரியர் சிரித்தார். "திறந்த வாசலா? உயிரோட இருக்கிற எதுவும் திறந்த வாசலா இருக்க முடியாதே! உங்க வீட்டிலே மாவடு போட்டாச்சா?" என்று கேட்டார்.

விழுவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் மனைவி ஜாடியில் போட்டு வைத்திருந்தாள். அதைச் சொன்னதும் அவர் ஆரம்பித்துவிட்டார். அவர் அன்று சொன்னதைத்தான் இங்கே என் வார்த்தைகளில் தருகிறேன்.

பச்சை மாவடுவைக் கழுவி உப்பில் போடுகிறோம். நாம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. ஆனாலும் இரண்டு மூன்று நாளில் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது; வடு சுருங்கிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் வடுவின் உள்ளே இருந்த தண்ணீர்தான். மாங்காயின் சதை கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு தண்ணீருக்கு வழி விடும். உப்புக்கு எளிதில் வழி விடாது. வெளியே உப்பு அதிகம் என்றால் தண்ணீர் அதைத் தேடிக்கொண்டு வெளியேறிவிடும். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை உப்பிக் கொழுப்பதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். திசை மட்டும் மாறியிருக்கிறது. நம் ரத்தத்தின் சிவப்பணுக்களை வெறும் தண்ணீரில் விட்டால் அவை வீங்கி வெடித்துவிடும். கெட்டியான உப்பு நீரில் விட்டால் சுருங்கிப் போகும்.

அந்தச் சவ்வு எவ்வளவு கனம் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஏழெட்டுக் கூறு. ஒரு காகிதத்தின் கனத்துக்குப் பத்தாயிரம் சவ்வுகளுக்கு மேல் அடுக்க வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் அல்ல அது. எண்ணெய்ப் படலம் போன்ற கொழுப்பு. அந்தப் படலத்தில் புரதங்களாலான சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. தண்ணீருக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று தனித்தனி. பிராணவாயு மட்டும் வாசலுக்குக் காத்திராமல் படலத்தின் ஊடாகவே நுழைந்துவிடும்.

"இதிலே முக்கியமான விஷயம் வாசல் இல்லே. அதுக்கு ஆகிற செலவு" என்றார் பேராசிரியர்.

உயிரணுவுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்பதில்லை. கொஞ்சம் அயர்ந்தால் உள்ளே இருப்பது வெளியே கசியும். வெளியே இருப்பது உள்ளே புகும். ஆகவே சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் இரவு பகல் ஓய்வில்லாமல் இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு இறைப்புக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கௌ நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து இதை 1957-ல் வெளியிட்டார். அதற்கான நோபல் பரிசின் பங்கு அவரிடம் வந்து சேர நாற்பது வருஷம் ஆயிற்று; 1997-ல்தான் கிடைத்தது. நாம் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு கூட இந்த இறைப்புக்கே போய்விடுகிறது என்று கணக்கிடுகிறார்கள். சாப்பிடும் நாலு கவளத்தில் ஏறக்குறைய ஒரு கவளம், நான் நானாக இருப்பதற்காக மட்டும்! இறைப்பு நின்றுவிட்டால் சோடியம் புகும். அதன் பின்னால் தண்ணீர் புகும். உயிரணு வீங்கி உடையும். உள்ளும் புறமும் ஒன்றாகிவிடும். அந்தச் சமத்துவத்துக்கு விஞ்ஞானத்தில் மரணம் என்று பெயர்.

"மாவடுவுக்கும் கடைசியிலே அதுதான் நடக்குது. உப்பிலே கிடந்து கிடந்து சவ்வு செத்துப் போகும். அதுக்கப்புறம் தடுக்க ஆள் இல்லே. உப்பு தாராளமா உள்ளே போகும். அப்பத்தான் நாம தொட்டுக்கிட்டு 'ஆகா, நல்லா ஊறியிருக்கு'ங்கறோம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு என்னவோ செய்தது.

இதுவரை பேசாமல் வந்த பெரியவர் இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்படின்னா நம்ம முன்னோர்கள் சொன்னது சரிதான்னு ஆகுதே! உள்ளே வரலாம், உள்ளே வரக்கூடாதுன்னு இயற்கையே பிரிச்சு வெச்சிருக்கு பாருங்க. அதைத்தானே ஆசாரம்னு சொன்னாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால், வந்தே தீர வேண்டிய கேள்விதான் இது. எல்லை என்ற சொல்லை நம் நாட்டில் யார் எடுத்தாலும் அதன் நிழலில் இந்தக் கேள்வி நின்றுகொண்டிருக்கும். எத்தனையோ பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த தெருக்களில் வளர்ந்தவர்கள் நாம்.

பேராசிரியர் நடையை நிறுத்தாமலே பதில் சொன்னார். 1970-ல் அமெரிக்காவில் ஃப்ரை, எடிடின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஓர் எலியின் உயிரணுவையும் ஒரு மனித உயிரணுவையும் ஒன்றாக இணைத்தார்கள். எலியின் புரதங்களுக்கு ஒரு நிறமும் மனிதப் புரதங்களுக்கு வேறு நிறமும் ஒளிரும்படி அடையாளம் இட்டிருந்தார்கள். இணைந்த புதிதில் பாதிச் சவ்வு ஒரு நிறம், மறு பாதி இன்னொரு நிறம். நாற்பது நிமிஷம் கழித்துப் பார்த்தால், இரண்டும் சவ்வு முழுவதும் கலந்து கிடந்தன. சவ்வு என்பது அசையாத சுவர் அல்ல, ஓடிக்கொண்டே இருக்கும் திரவம் என்பது அதனால் விளங்கிற்று. 1972-ல் சிங்கர், நிக்கல்சன் என்ற இருவர் அதை ஒரு கொள்கையாகவே வகுத்தார்கள். "எலிக்கும் மனுஷனுக்கும் நாற்பது நிமிஷம் போதுமா இருந்தது, ஐயா" என்றார் பேராசிரியர். பெரியவர் பிறகு ஒன்றும் பேசவில்லை.

ஆனால் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு சோதனையைக் காட்டி ஒருவர் வாயை அடைத்துவிடலாம். இன்னொரு சோதனையைக் காட்டி அவர் நம் வாயை அடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இயற்கையில் சவ்வும் இருக்கிறது, ஒட்டுண்ணியும் இருக்கிறது. இயற்கை செய்வதெல்லாம் மனிதனுக்கு நியாயம் என்று எடுத்துக்கொண்டால், எந்த அக்கிரமத்துக்கும் அதில் ஓர் அத்தாட்சி கிடைத்துவிடும். அது நமக்குச் சட்டம் எழுதித் தராது. நாம் கேட்க மறந்த ஒரு கேள்வியை வேண்டுமானால் அது நினைவூட்டும்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது எனக்கு அந்தக் கேள்வி கிடைத்தது. எல்லை இருக்கலாமா, கூடாதா என்பது அல்ல கேள்வி. அந்த எல்லைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான். சவ்வு தன் எல்லைக்கான விலையைத் தானே, தன் உணவிலிருந்தே, கணத்துக்குக் கணம் கொடுக்கிறது. தீண்டாமை தன் எல்லைக்கான விலை முழுவதையும் வெளியே நிற்பவன் தலையில் கட்டிவிடுகிறது. உள்ளே இருப்பவனுக்கு அதில் ஒரு காசு செலவில்லை. இரண்டுக்கும் எல்லை என்று ஒரே பெயரை வைத்துவிட்டு நாம் குழம்புகிறோம்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்ததும் அது நேராக என்னிடமே திரும்பியது. அக்காவின் திறந்த வாசலுக்கு இத்தனை வருஷமாக யார் விலை கொடுத்தது?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேராசிரியர் கொடுத்த ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் போனால், கதை ஒரு சமையலறையில் போய் முடிந்தது.

ஆக்னஸ் போக்கல்ஸ் 1862-ல் பிறந்தவள். ஜெர்மனியில் பிரௌன்ஷ்வைக் என்ற நகரில் வாழ்ந்தாள். பௌதிகம் படிக்க வேண்டும் என்று அவளுக்கு அடங்காத ஆசை. அப்போது அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. பெற்றோர் நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொண்டு வீட்டு வேலைகளைச் செய்தாள். அவளுக்கு ஒரு தம்பி, ஃப்ரீட்ரிக். மூன்று வயது இளையவன். அவன் பல்கலைக்கழகத்துக்குப் போனான். பௌதிக விஞ்ஞானியாகப் பெயரும் பெற்றான். அக்காவுக்குப் புத்தகங்கள் கிடைக்கச் செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பாத்திரம் கழுவும் தண்ணீரின் மேல் எண்ணெய் பரவுவதை ஆக்னஸ் கவனித்தாள். ஒரு தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகரப் பட்டை, ஒரு தராசு, ஒரு பொத்தான் ஆகியவற்றை வைத்துக்கொண்டு நீரின் மேற்பரப்பு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளந்தாள். அவளுக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். சுமார் பத்து வருஷம் கழித்து, 1891-ல், இங்கிலாந்தில் இருந்த ராலே பிரபுவுக்குத் தன் முடிவுகளைக் கடிதமாக எழுதினாள். அவர் அதை மொழிபெயர்க்கச் செய்து 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பினார்; அந்த வருஷமே அது பிரசுரமாயிற்று. அவள் வகுத்த வழியில் லாங்மியூர் என்ற அமெரிக்கர் மேலே போனார். அதே முறையில் ஹாலந்து நாட்டின் கோர்ட்டரும் கிரெண்டலும் 1925-ல் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து எடுத்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். அது அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை நிரப்பிற்று. சவ்வு இரண்டு அடுக்கு என்பது அப்படித்தான் தெரியவந்தது.

லாங்மியூருக்கு 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருஷம் ஆக்னஸுக்கு அவள் ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவளுக்கு அப்போது வயது எழுபது.

புத்தகத்தை மூடி வைத்தேன். என் அக்காவை ஒரு விஞ்ஞானி என்று சொல்ல நான் வரவில்லை. அவளுக்குப் பௌதிகத்தில் ஆசை இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. அம்மா படுத்த படுக்கையானபோது அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். எனக்கு அப்போது எட்டு வயது. நான் நிற்கவில்லை. இருவரில் யார் நிற்பது என்று வீட்டில் ஓர் ஆலோசனை நடந்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. அவள் வடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நான் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் போனேன். என் கதைகளில் தியாகம் செய்யும் பெண்கள் பலர் வருகிறார்கள். வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் மூலம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லா ஊறியிருக்கு என்றுதான் நானும் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கொடுப்பதை நம்மவர்கள் போற்றியதுபோல் வேறு எதையும் போற்றியதில்லை. கர்ணன் கதை நமக்குக் குழந்தையிலிருந்து தெரியும். உடம்போடு ஒட்டிப் பிறந்த கவசத்தை அறுத்து, ரத்தம் சொட்டச் சொட்டக் கொடுத்தான். அந்தக் கவசம் போனதும் அவன் உயிருக்கு இருந்த காப்பு போயிற்று. கொடுத்தது சரியா என்று பட்டிமன்றம் போட்டு வாதாடுகிறோம். கொடுத்த கையையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே தவிர, கேட்ட கையை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. இந்திரன் பிராமண வேஷம் போட்டுக்கொண்டு வந்தான். நான் தம்பி என்ற உறவைப் போட்டுக்கொண்டு போனேன். எது பெரிய வேஷம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. மனைவிக்குக் கை முறிந்து கிடக்கும்போது வர மறுத்தது அக்காவின் எல்லைக்கான விலையை எங்கள் தலையில் கட்டியது ஆகாதா? என் அளவுகோல்படியே அது தவறல்லவா? இதை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். என் மனைவிக்கு முறிந்தது ஒரு கை. என்னிடம் இரண்டு கைகள் இருந்தன. அரிசி களையவும், மனைவிக்குத் தலை வாரிவிடவும், வயதுக்கு வந்த பையனை வீடு கூட்டச் சொல்லவும் அந்த வீட்டில் ஆள் இருந்தது. அக்கா எங்கள் மேல் புதிதாக எதையும் சுமத்தவில்லை. எங்கள் சுமையை இத்தனை காலம் தூக்கியவள், அதை எங்கள் வாசலிலேயே மெதுவாக இறக்கி வைத்தாள்.

இதையெல்லாம்விட எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று. அவள் சொன்னது என்ன? "சனி, ஞாயிறு வரேன்" என்று சொன்னாள். மூன்று வாக்கியத்தில் இரண்டு வாக்கியம் 'முடியாது', ஒரு வாக்கியம் 'வருகிறேன்'. என் காதில் விழுந்தது அந்த 'முடியாது' மட்டும்தான். கதவைச் சாத்திவிட்டாள் என்று கால்வாய்க் கரையில் போய் நியாயம் கேட்டேன். அவள் சாத்தவே இல்லை. எப்போது திறப்பது என்பதைத் தானே தீர்மானித்தாள், அவ்வளவுதான். எப்போதும் திறந்திருந்த ஒன்றுக்குத் திறப்பவர் ஒருவர் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உயிரணுவை யாராவது சுயநலக்காரி என்று சொல்வார்களா? பக்கத்து அணுவுக்குச் செய்தி அனுப்புவதும், அது அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்வதும் அதே சவ்வின் வழியாகத்தான். சவ்வு போய்விட்ட அணு யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. அதில் கொடுப்பதற்கு ஒருவர் மிச்சம் இருப்பதில்லை. எடுத்துக்கொள்ளத்தான் முடியும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அக்கா வந்தாள். கையில் ஒரு சின்ன ஜாடி. அவள் வீட்டு மாவடு. சமையலறைக்குப் போய், நான் வைத்திருந்த ரசத்தை மூடி திறந்து பார்த்தாள். "புளி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லே" என்றாள். என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு அக்கா வந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

மத்தியானம் சாப்பாடானதும் மெதுவாகக் கேட்டேன். அவள் ஏதாவது பெரிய காரணம் சொல்வாள் என்று எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு. கோயில் கைங்கரியம், விட்ட படிப்பு, மறைத்து வைத்த வியாதி, இப்படி ஏதாவது ஒன்று. அப்படி ஒன்று இருந்தால்தான் என் மனம் சமாதானமாகும் போல் இருந்தது.

"ஏன்க்கா, மத்த நாளிலே அப்படி என்ன வேலை?"

அவள் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தாள்.

"ஒண்ணுமில்லேடா. மத்தியானத்திலே பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கறேன். இத்தனை வருஷத்திலே மத்தியானம் தூங்கினதே இல்லை, பாரு. நல்லா இருக்கு."

நான் எழுந்து போய்ப் பாயை எடுத்து வந்து கூடத்தில் விரித்தேன். அவள் படுத்ததும் ஜன்னல் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்; வெயில் முகத்தில் படாமல், காற்று மட்டும் வருகிற மாதிரி.